ஹெடர் ஃபைல் காணவில்லை: வெளி லைப்ரரியோடு சி நிரலைக் கம்பைல் செய்யும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் டெஸ்ட் மெஷினுக்கும் மீட்டருக்கும் சி எழுதுகிறவர்களையும், கடைசி ஆண்டு புரோஜெக்டுக்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. உதாரணங்கள் பெரும்பாலும் உபுண்டுவில் இருக்கும். கட்டளைகளைப் பக்கத்து மேசைக்காரருக்கு வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கீபோர்டில் ஆங்கிலத்தில் அடியுங்கள். ‘கேப்பிட்டல்’ என்று சொல்லாத எழுத்தெல்லாம் சின்ன எழுத்து.

“ஃபேட்டல் எரர்: கர்ல்/கர்ல்.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி” என்று வருகிறது. என் நிரலில் என்ன தப்பு?

பெரும்பாலும் நிரலில் தப்பில்லை. (கர்ல் என்பது இணையத்திலிருந்து தரவு எடுக்க உதவும் லைப்ரரி, இங்கே ஓர் உதாரணம்.) கம்பைலர் உங்கள் ஃபங்ஷன்களை இன்னும் தொடவே இல்லை. ஹெடர் ஃபைலை (லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன் உண்டு என்று அறிவிக்கும் ‘.எச்’ ஃபைல்) கேட்கும் #இன்க்லூட் வரியைப் பார்த்தது, அந்த ஃபைலைத் தனக்குத் தெரிந்த நாலைந்து ஃபோல்டர்களில் தேடியது, கிடைக்காததால் நின்றுவிட்டது. அங்கேயே நின்றுவிடுவதால் ஒரு நேரத்தில் ஒரு ஹெடரைப் பற்றித்தான் புகார் சொல்லும். ஒன்றைச் சரிசெய்ததும் வேறொரு பெயரில் அதே எரர் வந்தால் பயப்பட வேண்டாம், வேலை முன்னே நகர்ந்திருக்கிறது.

தெரிய வேண்டியவை இரண்டு: கம்பைலர் எங்கே தேடியது, ஃபைல் எங்கே இருக்கிறது. இவை தெரியாமல் இணையத்தில் கண்ட பேக்கேஜை எல்லாம் இறக்குவது, சட்டைப் பையைத் துழாவாமல் பூட்டை உடைக்கிற மாதிரி.

எங்கே தேடியது என்பதற்கு (ஜிசிசி என்பது லினக்ஸில் வழக்கமான சி கம்பைலர்):

ஜிசிசி -இ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்

இதில் ‘-இ’ மட்டும் கேப்பிட்டல். வெளிவரும் வரிகளில் “சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்” என்பதற்குக் கீழே உள்ளதுதான் பட்டியல். 64 பிட் உபுண்டுவில் ஜிசிசியின் சொந்த ஃபோல்டர், /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்லூட், /யூஎஸ்ஆர்/இன்க்லூட்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ, கடைசியாக /யூஎஸ்ஆர்/இன்க்லூட் என்று இருக்கும். தேடும் வரிசையும் இதுவே.

ஃபைல் எங்கே என்பதற்கு:

ஃபைண்ட் /யூஎஸ்ஆர் /ஆப்ட் -நேம் கர்ல்.எச்

ஒன்றுமே வரவில்லை என்றால் பேக்கேஜ் இல்லை. பட்டியலுக்கு வெளியே ஓரிடத்தில் வந்தால் பாதையைச் சொல்லித் தர வேண்டும். பட்டியலில் உள்ள ஃபோல்டரிலேயே வந்து எரரும் தொடர்ந்தால், எழுத்துப் பிழை, பெரிய எழுத்து சின்ன எழுத்துக் குழப்பம், அல்லது நீங்கள் நினைக்கும் கம்பைலர் ஓடவில்லை. விண்டோஸில் எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவரும்போது எழுத்துக் குழப்பம் சர்வ சாதாரணம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு.

டெர்மினலில் கர்ல் கட்டளை நன்றாக ஓடுகிறது. பிறகு எப்படி ‘இல்லை’ என்கிறது?

ஓடுவதற்கு வேண்டியது வேறு, கம்பைல் செய்ய வேண்டியது வேறு. டெபியனும் உபுண்டுவும் ஒரே லைப்ரரியை இரண்டு பேக்கேஜாகப் பிரித்து வைக்கின்றன. லிப்கர்ல்4 (உபுண்டு 24.04இல் லிப்கர்ல்4டி64) என்பதில் ஓடும் ‘.எஸ்ஓ’ ஃபைல் மட்டும் இருக்கும். ஹெடர்களும், லிங்க் செய்ய வேண்டிய சிம்லிங்க்கும் (வேறொரு ஃபைலைக் கைகாட்டும் பெயர்), பாதைகளைச் சொல்லும் கருவியான பிகேஜி-கான்ஃபிக்குக்கான ‘.பிசி’ ஃபைலும் லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ் என்பதில் இருக்கும். பெயர் ‘-டெவ்’ என்று முடிவதைத் தேடுங்கள். ஃபெடோராவில் அதே பொருள் ‘-டெவெல்’ என்று முடியும். ஆர்ச் லினக்ஸ் பெரும்பாலும் பிரிப்பதில்லை.

எந்த ஹெடருக்கு எந்த பேக்கேஜ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊகிக்க வேண்டாம். (ஏப்ட் என்பது உபுண்டுவில் பேக்கேஜ் இறக்கும் கட்டளை, சூடோ அதை அட்மின் உரிமையோடு ஓட்டும்.) ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஏப்ட்-ஃபைல்’, பிறகு ‘சூடோ ஏப்ட்-ஃபைல் அப்டேட்’, பிறகு:

ஏப்ட்-ஃபைல் சர்ச் கர்ல்/கர்ல்.எச்

இன்ஸ்டால் செய்யாத பேக்கேஜுக்குள்ளும் இது தேடும். ஏற்கெனவே மெஷினில் உள்ள ஃபைல் எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் ‘டிபிகேஜி -எஸ்’ (எஸ் கேப்பிட்டல்) போதும். ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் புரொவைட்ஸ்’ இந்த வேலையைச் செய்யும்.

பெயரிலேயே ஏமாற்றுகிற சில: ஸெட்லிப்.எச் வேண்டுமென்றால் ஸெட்லிப்1ஜி-டெவ். நடுவில் இருப்பது எண் ஒன்று, எல் எழுத்து அல்ல. ஓபன்எஸ்எஸ்எல்/எஸ்எஸ்எல்.எச் கிடைப்பது லிப்எஸ்எஸ்எல்-டெவ் பேக்கேஜில், ‘ஓபன்எஸ்எஸ்எல்’ பேக்கேஜில் வெறும் கட்டளைதான். எஸ்கியூலைட்3.எச்சுக்கு லிப்எஸ்கியூலைட்3-டெவ். யூஎஸ்பி கருவிகளுக்கு லிப்யூஎஸ்பி-1.0-0-டெவ், அந்தக் கூடுதல் சுழியம் முக்கியம். பைதான்.எச் (பி கேப்பிட்டல்) என்றால் பைதான்3-டெவ். பிப் வழியாக ஏதோ இன்ஸ்டால் செய்யும்போது நடுவில் பைதான்.எச் காணவில்லை என்று வருவதும் இதே கதைதான்.

லிப்மோட்பஸ்-டெவ் போட்டாயிற்று. இன்னமும் மோட்பஸ்.எச் காணவில்லை என்கிறதே?

மின்சார மீட்டரை ஆர்எஸ்-485 கம்பி வழியே மோட்பஸ் முறையில் படிக்கப்போகும் பலரும் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இது. பேக்கேஜ் அந்த ஃபைலை வைத்திருப்பது /யூஎஸ்ஆர்/இன்க்லூட்/மோட்பஸ்/மோட்பஸ்.எச் என்ற இடத்தில். நீங்கள் எழுதியது #இன்க்லூட் <மோட்பஸ்.எச்>. கம்பைலர் உள் ஃபோல்டர்களுக்குள் நுழைந்து தேடாது. பட்டியலில் உள்ள ஃபோல்டரின் பெயரையும் நீங்கள் அடைப்புக்குள் எழுதியதையும் அப்படியே ஒட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். /யூஎஸ்ஆர்/இன்க்லூட் + மோட்பஸ்.எச் என்று ஒட்டினால் வரும் முகவரியில் ஒன்றும் இல்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த ஒட்டு வேலையை ஒரு காகிதத்தில் செய்துபாருங்கள், பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. நிரலில் <மோட்பஸ்/மோட்பஸ்.எச்> என்று எழுதலாம், அல்லது கம்பைல் செய்யும்போது கேப்பிட்டல் -ஐ போட்டு /யூஎஸ்ஆர்/இன்க்லூட்/மோட்பஸ் என்று சேர்க்கலாம். லைப்ரரி செய்தவர்கள் எதிர்பார்ப்பது இரண்டாவதைத்தான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. கர்லைத் தனியே /ஆப்ட்/கர்ல் என்ற இடத்தில் போட்டவர், ஹெடர் இருக்கும் ஃபோல்டரையே காட்ட வேண்டும் என்று நினைத்து -ஐ/ஆப்ட்/கர்ல்/இன்க்லூட்/கர்ல் (ஐ கேப்பிட்டல்) என்று தருவார். நிரலில் <கர்ல்/கர்ல்.எச்> இருப்பதால் கம்பைலர் கர்ல்/கர்ல்/கர்ல்.எச் என்று தேடித் தோற்கும். ஒரு படி மேலே, ‘இன்க்லூட்’ வரை காட்டினால் போதும்.

முதல் வழி எல்லா லைப்ரரிக்கும் பலிக்காது. ஃப்ரீடைப்பின் எஃப்டி2பில்ட்.எச், ஃப்ரீடைப்2 என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. நிரலில் <ஃப்ரீடைப்2/எஃப்டி2பில்ட்.எச்> என்று மாற்றினால் அந்த ஹெடர் கிடைக்கும். ஆனால் அது தன் பங்குக்கு <ஃப்ரீடைப்/கான்ஃபிக்/எஃப்டிஹெடர்.எச்> என்பதைக் கேட்கும், அது கிடைக்காது. எரர் ஒழியவில்லை, ஒரு வீடு தள்ளிக் குடிபோயிருக்கிறது. “இன் ஃபைல் இன்க்லூடட் ஃப்ரம்” என்று தொடங்கும் வரிகளைப் பார்த்தால் யார் யாரை அழைத்தார்கள் என்பது தெரியும்.

இந்தப் பாதைகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், அதற்குத்தான் பிகேஜி-கான்ஃபிக் இருக்கிறது.

ஜிசிசி மீட்டர்.சி -ஓ மீட்டர் $(பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் லிப்மோட்பஸ்)

சிஃப்ளாக்ஸ் ஹெடர் பாதையைத் தரும், லிப்ஸ் லிங்க் செய்ய வேண்டியதைத் தரும். அது தரும் பதிலைத் தனியாக ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. பெயர்தான் சிக்கல்: பேக்கேஜின் பெயரும் இதன் பெயரும் ஒன்றாக இருக்காது. ‘பிகேஜி-கான்ஃபிக் --லிஸ்ட்-ஆல்’ என்று அடித்துப் பட்டியலில் தேடுங்கள். யூஎஸ்பிக்கு லிப்யூஎஸ்பி-1.0, ஃப்ரீடைப்புக்கு ஃப்ரீடைப்2, ஜிடிகேவுக்கு ஜிடிகே+-3.0. நீங்களே சோர்ஸிலிருந்து கட்டி /ஆப்ட்டில் போட்டது என்றால், அதன் ‘.பிசி’ ஃபைல் இருக்கும் ஃபோல்டரை பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற என்விரான்மென்ட் மாறியில் (முழுதும் கேப்பிட்டல்) சேர்க்க வேண்டும்.

ஹெடர் எரர் போய்விட்டது. இப்போது “அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்” என்கிறது.

நல்ல செய்தி, கம்பைல் முடிந்தது, இது லிங்கரின் குரல் (கம்பைல் ஆன நிரலையும் லைப்ரரியையும் இணைப்பது அது). ஹெடர் என்பது ‘இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு’ என்ற அறிவிப்புதான். அந்த ஃபங்ஷனின் உடல் லைப்ரரியில் இருக்கிறது. சின்ன -எல் போட்டு ‘-எல்மோட்பஸ்’ என்று சேருங்கள். அதை நிரல் ஃபைலின் பெயருக்குப் பின்னால் வையுங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லைப்ரரி முதலில் வந்தால், அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று அதை ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

“கெனாட் ஃபைண்ட் -எல்மோட்பஸ்” என்று வந்தால் லைப்ரரி இருக்கும் ஃபோல்டரைக் கேப்பிட்டல் -எல் போட்டுச் சொல்ல வேண்டும். கேப்பிட்டல் ஐயும் சின்ன எல்லும் பல ஃபான்ட்டுகளில் ஒரே கோடாகத் தெரிவதால் ஒன்றுக்கு மற்றொன்றைக் காப்பி அடித்தவர்கள் ஏராளம். டெர்மினல் ஃபான்ட்டை மாற்றிவிடுங்கள்.

விஎஸ் கோடில் சிவப்புக் கோடு விழுகிறது, ஆனால் டெர்மினலில் கம்பைல் ஆகிறது.

சிவப்புக் கோடு போடுவது எடிட்டரின் இன்டெல்லிசென்ஸ், கம்பைலர் அல்ல. அதற்குத் தனிப் பட்டியல் உண்டு: சி_சிபிபி_ப்ராப்பர்ட்டீஸ்.ஜேசன் ஃபைலில் ‘இன்க்லூட்பாத்’ (பி கேப்பிட்டல்). அங்கே சேர்த்தால் கோடு மறையும். ஆனால் அங்கே சேர்ப்பதால் கம்பைலருக்கு ஒரு பயனும் இல்லை.

கம்பெனி மெஷினில் சூடோ இல்லை. இணையமும் இல்லை. என்ன செய்வது?

சூடோ மட்டும்தான் இல்லை என்றால் எளிது. ‘ஏப்ட் டவுன்லோட் லிப்மோட்பஸ்-டெவ்’ என்பதற்கு அட்மின் உரிமை தேவையில்லை, ‘.டெப்’ ஃபைல் (பேக்கேஜின் மூட்டை) நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே இறங்கும். பிறகு ‘டிபிகேஜி -எக்ஸ்’ போட்டு, ஃபைல் பெயரையும் உங்கள் ஹோமில் ஒரு ஃபோல்டரையும் கொடுத்தால் உள்ளே இருப்பதை விரித்து வைக்கும். அதற்குள் யூஎஸ்ஆர்/இன்க்லூட்/மோட்பஸ் இருக்கும்.

இதில் இரண்டு பொறி உண்டு. டெவ் பேக்கேஜில் வரும் ‘.எஸ்ஓ’ வெறும் சிம்லிங்க். அது கைகாட்டும் உண்மையான ஃபைல் ரன்டைம் பேக்கேஜில், அதாவது டெபியன் 12இல் லிப்மோட்பஸ்5 என்பதில், இருக்கிறது. அதையும் அதே ஃபோல்டரில் விரிக்காவிட்டால் ஹெடர் கிடைத்தும் லிங்க் ஆகாது. இன்னொன்று, ஹோமைக் குறிக்க அலைக்குறி போட்டு ‘-ஐ~/லிப்’ (ஐ கேப்பிட்டல்) என்று ஒட்டி எழுதினால் பாஷ் அதை விரிக்காது. ‘~’ என்ற பெயரில் நிஜமாகவே ஒரு ஃபோல்டரைக் கம்பைலர் தேடும். $ஹோம் (கேப்பிட்டலில்) என்று எழுதுங்கள்.

இணையமே இல்லாத டெஸ்ட் மெஷினில், அதே மெஷினில் ‘ஏப்ட்-கெட் --பிரிண்ட்-யூஆர்ஐஸ் இன்ஸ்டால் லிப்மோட்பஸ்-டெவ்’ என்று அடித்தால் இறக்க வேண்டிய ஒவ்வொரு ஃபைலின் முகவரியையும் சொல்லும். அந்தப் பட்டியலை வெளியே கொண்டுபோய் இறக்கி, திரும்ப வந்து ‘டிபிகேஜி -ஐ’ (இங்கே சின்ன எழுத்து). பென்டிரைவ் செருகத் தடை உள்ள தளத்தில் முதலில் ஐடி பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

ஏப்ட் ‘404 நாட் ஃபவுண்ட்’ என்கிறது.

முதலில் ‘சூடோ ஏப்ட் அப்டேட்’. உங்களிடம் உள்ள பட்டியல் பழையது, அதில் சொன்ன பதிப்பு சர்வரில் இப்போது இல்லை. அதற்குப் பிறகும் எல்லாமே 404 என்றால் உங்கள் உபுண்டு பதிப்பின் ஆதரவு முடிந்திருக்கலாம். எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) அல்லாத பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான், பிறகு அவை ஓல்ட்-ரிலீசஸ் சர்வருக்குப் போய்விடும். இன்ஸ்டால் செய்யும்போது நேர மண்டலமாகக் கோலாலம்பூரைத் தேர்ந்திருந்தால் சர்வர் பெயர் ‘எம்ஒய்.’ என்று தொடங்கலாம். அது தகராறு செய்தால் அந்த முன்னொட்டை நீக்கி முதன்மைச் சர்வரையே வைத்துக்கொள்ளலாம்.

ராஸ்பெர்ரி பைக்காக லெப்டாப்பில் கம்பைல் செய்கிறேன். டெவ் பேக்கேஜ் இருந்தும் ஹெடர் இல்லை என்கிறது.

நீங்கள் இன்ஸ்டால் செய்தது லெப்டாப்புக்கான பேக்கேஜ். கிராஸ் கம்பைலர் (ஒரு மெஷினில் ஓடி வேறு வகை மெஷினுக்கு நிரல் கட்டுவது) லெப்டாப்புக்கே உரிய ஹெடர் ஃபோல்டர்களைப் பார்க்காது, பார்க்கவும் கூடாது. ‘-ஐ/யூஎஸ்ஆர்/இன்க்லூட்’ (ஐ கேப்பிட்டல்) என்று வலிய நுழைத்தால் எரர் மறைந்த மாதிரி இருக்கும். லெப்டாப்பின் சிஸ்டம் ஹெடரும் பையின் ஏஆர்எம் ஹெடரும் கலந்து, பிறகு புரியாத இடத்தில் வெடிக்கும். இந்த ஒரு குறுக்கு வழியை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நிரல் சிறியது என்றால் எங்கள் பரிந்துரை: பையிலேயே கம்பைல் செய்யுங்கள். பை 4 அல்லது 5இல் நாலைந்து சி ஃபைல் கண்ணிமைக்கும் நேரம்தான்.

கிராஸ் கம்பைல்தான் வேண்டும் என்றால், முதலில் பை 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். ‘யூநேம் -எம்’ நம்பத் தகுந்ததல்ல. 32 பிட் ஓஎஸ்ஸுக்கு அடியில் 64 பிட் கெர்னல் ஓடினால் அது ‘ஏஆர்ச்64’ என்றே சொல்லும். ‘டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்’ என்று கேளுங்கள்: ‘ஏஆர்எம்எச்எஃப்’ என்றால் 32, ‘ஏஆர்எம்64’ என்றால் 64. கம்பைலரை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு பையில் லிப்மோட்பஸ்-டெவ் இன்ஸ்டால் செய்து, அதன் /லிப், /யூஎஸ்ஆர்/இன்க்லூட், /யூஎஸ்ஆர்/லிப் மூன்றையும் ஆர்சிங்க் மூலம் லெப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குக் கொண்டுவாருங்கள். கம்பைலருக்கு ‘--சிஸ்ரூட்=’ என்று அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். ‘/’ என்று தொடங்கும் சிம்லிங்க்குகள் லெப்டாப்பின் சொந்த ஃபைல்களைக் காட்டிவிடும், அவற்றை ரிலேட்டிவ் ஆக்க வேண்டும். பிகேஜி-கான்ஃபிக்குக்கும் தகவல் போக வேண்டும்: பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர் அந்த ஃபோல்டரையும், பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் அதற்குள் ‘.பிசி’ ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரையும் பார்க்கட்டும் (இரண்டு பெயரும் கேப்பிட்டலில்).

சிஸ்ரூட் இல்லாமல் உபுண்டு 24.04இன் கிராஸ் கம்பைலரை அப்படியே பயன்படுத்தினால் வேறொரு இடி விழும். அதன் க்ளிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 2.39. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட பை ஓஎஸ்ஸில் 2.36. லெப்டாப்பில் சத்தமில்லாமல் கம்பைல் ஆன நிரல், பையில் “க்ளிப்சி_2.38 நாட் ஃபவுண்ட்” என்று சொல்லி ஓட மறுக்கலாம்.

எஸ்டிடிஐஓ.எச்சே காணவில்லை என்கிறது!

கம்பைலர் இருக்கிறது, சி லைப்ரரியின் ஹெடர் இல்லை. ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’. ‘-எம்32’ போட்டபோது மட்டும் பிட்ஸ்/லிப்சி-ஹெடர்-ஸ்டார்ட்.எச் காணவில்லை என்று வந்தால் ஜிசிசி-மல்டிலிப் வேண்டும்.

கோனியோ.எச், கிராஃபிக்ஸ்.எச் இரண்டும் எந்த பேக்கேஜில்?

எதிலும் இல்லை. பழைய டர்போ சி காலத்து ஹெடர்கள் அவை. பழைய பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் இப்படித்தான். திரையில் எழுத்தை நகர்த்த என்கர்சஸ் (லிப்என்கர்சஸ்-டெவ்), படம் வரைய எஸ்டிஎல்2 எடுத்துக்கொள்ளுங்கள். நிரலைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுத வேண்டும்.

கான்ஃபிக்.எச் காணவில்லை?

அதை எந்த பேக்கேஜிலும் தேடாதீர்கள். அது சோர்ஸோடு வருவதில்லை, ‘./கான்ஃபிகர்’ ஓடும்போது உருவாவது. கிட்டிலிருந்து எடுத்த சோர்ஸில் கான்ஃபிகரே இல்லையென்றால் ‘ஆட்டோரீகான்ஃப் -ஐ’ (சின்ன எழுத்து) முதலில். தேர்ட்பார்ட்டி போன்ற ஃபோல்டர் காலியாகக் கிடந்தால் ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’.

சிமேக்கில் ஃபைண்ட்_பேக்கேஜ் வெற்றி என்கிறது, கம்பைல் தோற்கிறது.

கண்டுபிடித்ததோடு விட்டிருப்பீர்கள். டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ் வரியில் கர்ல்::லிப்கர்ல் (முன்பாதி கேப்பிட்டல்) என்று சேர்த்தால்தான் ஹெடர் பாதையும் கூடவே வரும். பேக்கேஜைப் பிறகு இன்ஸ்டால் செய்தும் ‘நாட் ஃபவுண்ட்’ தொடர்ந்தால் பழைய கேஷ் பேசுகிறது. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், அல்லது சிமேக் 3.24 முதல் உள்ள ‘--ஃப்ரெஷ்’ போடுங்கள்.

மேக், விண்டோஸ்?

மேக்கில் முதலில் ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’. ஹோம்ப்ரூ ஆப்பிள் சிலிகான் மேக்கில் /ஆப்ட்/ஹோம்ப்ரூவிலும், இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கலிலும் போடும். பழைய குறிப்புகள் இரண்டாவதையே சொல்வதால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹெடர் அங்கே கிடைக்காவிட்டால், ‘ப்ரூ --பிரிஃபிக்ஸ் ஓபன்எஸ்எஸ்எல்@3’ சொல்லும் இடத்தில் ‘/இன்க்லூட்’ சேர்த்துக் கொடுங்கள்.

விண்டோஸில் எம்சிஸ்2 என்றால், யூசிஆர்டி64 ஜன்னலில் வேலை செய்துகொண்டு மிங்டபிள்யூ64க்கான பேக்கேஜை இறக்கியிருப்பீர்கள். ஜன்னலும் பேக்கேஜின் முன்னொட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். யூனிஎஸ்டிடி.எச் விஷுவல் ஸ்டூடியோவில் கிடையாது.

ஹெடரை மட்டும் என் புரோஜெக்ட் ஃபோல்டரில் காப்பி செய்து ஒட்டினால் என்ன?

கம்பைல் ஆகும். ஆறு மாதம் கழித்து மெஷினில் லைப்ரரி அப்டேட் ஆகும், உங்கள் ஹெடர் பழையதாகவே நிற்கும். ஸ்ட்ரக்சரின் அளவு மாறியிருந்தால் எரர் எதுவும் வராமல் நிரல் தப்பான எண்ணைக் காட்டும். எரர் வருவதைவிட இது மோசம். /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்லூட்டில் எப்போதோ போட்டு மறந்த பழைய ஹெடரும் இதே வேலையைச் செய்யும், ஏனென்றால் /யூஎஸ்ஆர்/இன்க்லூட்டுக்கு முன்பே அங்கே தேடல் நடக்கிறது. ‘ஜிசிசி -எச்’ (கேப்பிட்டல்) போட்டால் உண்மையில் எந்த இடத்து ஹெடரை எடுத்தது என்று வரிசையாகச் சொல்லும்.

எல்லாம் முடிந்து ஓட்டும்போது “எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்” வருகிறது.

கேப்பிட்டல் -எல் லிங்கருக்கு மட்டுமே, ஓடும் நேரத்தில் அது செல்லாது. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் போட்டிருந்தால் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஒருமுறை. ஹோம் ஃபோல்டரில் வைத்திருந்தால் லிங்க் செய்யும்போது ‘-டபிள்யூஎல்,-ஆர்பாத்,’ (டபிள்யூ மட்டும் கேப்பிட்டல்) என்று எழுதி, இடைவெளி விடாமல் அந்த ஃபோல்டரின் முழுப் பாதையையும் ஒட்டுங்கள். எல்டி_லைப்ரரி_பாத் (கேப்பிட்டலில்) சோதித்துப் பார்க்க மட்டும் சரி. அதை .பாஷ்ஆர்சியில் நிரந்தரமாக எழுதினால் அந்த டெர்மினலில் ஓடும் மற்ற புரோகிராம்களும் உங்கள் லைப்ரரியையே முதலில் எடுக்கும். எது காணவில்லை என்று தெரிய ‘எல்டிடி ./மீட்டர்’ அடித்து, “நாட் ஃபவுண்ட்” என்று முடியும் வரியைப் பாருங்கள்.